கல்லில் பொறித்த ஒன்பதாவது பெயர்

1

மூன்று மாதத்துக்கு முன்னால், குளிர் ஆரம்பித்த சமயம், எங்கள் காலனிச் சங்கத்தின் தலைவர் குரானா காலையிலேயே வந்து என் வீட்டு மணியை அடித்தார். காலனிக்கு ஐம்பது வருஷம் நிறைகிறதாம். பூங்கா வாசலில் ஒரு சலவைக்கல் நடப் போகிறார்களாம். ‘இந்தக் காலனியை உருவாக்கியவர்கள்’ என்று அதில் ஒன்பது பேரைப் பொறிக்கப் போகிறார்களாம். "உங்க பேரும் இருக்கு, பாருங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். ஏதோ எனக்குச் சொத்து எழுதி வைத்தவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

ஹிந்தியை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எட்டுப் பெயர் பஞ்சாபிகள், பழைய பெரிய உத்தியோகக்காரர்கள். ஒன்பதாவதாக ‘ஸ்ரீ கருப்பையா’ என்று இருந்தது.

கருப்பையா என் அப்பன். அந்த ஆள் டெல்லியைக் காலண்டர் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டான். மானாமதுரையிலிருந்து மதுரைக்குப் போனதே நாலைந்து தடவை இருக்கும். இந்தக் காலனிக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் நான். என் பெயர் மலைச்சாமி.

"குரானா சாப், இது என் பேர் இல்ல. எங்க அப்பா பேர்" என்றேன் ஹிந்தியில்.

"அரே, அப்ப இன்னும் நல்லதாப் போச்சு! பிதாஜி பேர் கல்லுல ஏறப் புண்ணியம் பண்ணியிருக்கணும்."

"என் பேரைப் போடுங்க."

"நாப்பது வருஷமா கருப்பையா ஜி, கருப்பையா ஜினு கூப்பிடறோம். இப்ப வந்து பேர் வேறங்கறீங்களே! டீயைக் குடிங்க, ஆறுது."

என் வீடு. என் மனைவி போட்ட டீ. என்னைக் குடிக்கச் சொல்கிறார்.

மானாமதுரைப் பக்கத்துக்காரர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவனின் எழுத்து. அதில் குறை கண்டுபிடிக்கிறவர்கள் முதலில் டெல்லிக்கு வந்து ஒரு குழாய் பதித்துக் காட்டட்டும்.

2

காலனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஒரு வக்கீல் இருக்கிற இடம். தெற்கு டெல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு மாடியை விற்றால் நம் ஊரில் ஒரு தெருவை வாங்கலாம்.

நான் வந்தபோது இங்கே பாதி இடம் முள்ளாகக் கிடந்தது. கீக்கர் என்றார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நம்முடைய சீமைக் கருவேல்! வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த முள் எனக்கு முன்னால் ரயிலேறி வந்து நின்ற மாதிரி இருந்தது. அந்த முள்ளை வெட்டித்தான் மனை போட்டிருந்தார்கள். பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் கொஞ்சம், ரிட்டயரான அதிகாரிகள் கொஞ்சம். மனைக்கு ஒரு வீடு, அதற்குக் கோட்டி என்று பெயர். முன்னால் புல்தரை, பின்னால் வேலைக்காரர் அறை, மொட்டைமாடியில் ஒற்றை அறை. அந்த ஒற்றை அறையைப் பர்சாத்தி என்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் ராக்கம்மாளும் அப்படி ஒரு பர்சாத்தியில்தான் இருந்தோம். அதற்கு முன்னால் நான் இருந்தது, புதைப்பதற்காகத் தெருவோரம் இறக்கிப் போட்டிருந்த சிமெண்டுக் குழாய்க்குள். ஒரு குழாய்க்குள் இரண்டு பேர் படுப்போம், கால் வெளியே கிடக்கும். பகலில் எந்தக் குழாயைப் பதிக்கிறோமோ அதில் படுத்தவர்கள் சாயங்காலம் வேறு குழாய் தேட வேண்டும்.

அப்புறம் ஒரு கோடை. குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி வந்தால் ஜட்ஜு வீட்டு அம்மாவும் ஜெனரல் வீட்டு அம்மாவும் வாளியோடு ஓடுவார்கள், தள்ளிக்கொள்வார்கள், பஞ்சாபியில் திட்டிக்கொள்வார்கள். பெரிய பெரிய கம்பெனிக்காரன் வந்து மூன்று இடத்தில் போர் போட்டான். மூன்றும் பாறை. டெல்லியின் இந்தப் பக்கம் அடியில் முழுக்கப் பாறைதான், தெரியாமல் கை வைத்தால் மண்வெட்டிதான் முறியும். நான் மூன்று நாள் காலனியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பூங்காவின் கிழக்கு மூலையில் ஒரு நாவல் மரம். அந்த மே மாத வெயிலிலும் அதன் காலடியில் புல் பச்சையாக இருந்தது. "இங்க போடுங்க" என்றேன்.

அப்போது சங்கத் தலைவர் இந்தக் குரானாவின் அப்பா. பெரிய குரானா. "தண்ணி வரலைன்னா உன்னை இதே குழியில போட்டு மூடிருவேன்" என்றார். இரண்டாம் நாள் மத்தியானம் சேறாக வந்து, அப்புறம் வெள்ளையாகப் பீறிட்டது. பெரிய குரானா கோட்டும் சூட்டுமாக அதன் அடியில் நின்று நனைந்தார். அழுதார் என்றுகூடச் சொல்வேன். முகத்தில் தண்ணீர் ஓடியதால் சத்தியம் பண்ண முடியாது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் இந்தக் காலனி பல வருஷம் பல் விளக்கியது. நான் இல்லாவிட்டால் இவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

இன்றைக்குக் கோட்டி ஒன்றுகூட மிச்சமில்லை. இடித்துவிட்டு நாலு மாடி, மாடிக்கு ஒரு சொந்தக்காரர், கீழே கார் நிறுத்தத் தூண். மாமரங்கள் போய்விட்டன. கேட்டுகள் வந்துவிட்டன, கேட்டுக்கு ஒரு காவலாளி, அவன் கையில் ஒரு ரிஜிஸ்தர். காலையில் பூங்காவில் வட்டமாக நின்று கையைத் தூக்கிக்கொண்டு வேண்டுமென்றே சிரிக்கிறார்கள், உடம்புக்கு நல்லதாம். பனிக்காலத்தில் லோடிப் பண்டிகை நெருப்பைச் சுற்றி ஆடுவார்கள், நானும் வேர்க்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். நான் தை மாதம் பொங்கல் வைத்தபோது மட்டும் புகை வருகிறது என்று காவலாளியை மேலே அனுப்பினார்கள்.

சி பிளாக்கில் இரண்டாம் மாடி என்னுடையது. எந்தத் தெருவில் குழி தோண்டினேனோ அதே தெரு. ஆனாலும் போன வருஷம் புதிதாக வந்த காவலாளி, காய்கறிப் பையோடு வந்த ராக்கம்மாளை நிறுத்தி, "எந்த வீட்டுக்கு வேலைக்குப் போறே? கார்டு காட்டு" என்றான். நம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் இங்கே வீட்டு வேலைக்கு வருகிறார்கள், நிறமும் சேலைக்கட்டும் ஒன்றுதானே. அவள் சும்மா இருக்கவில்லை. "கார்டு வீட்டுக்குள்ள இருக்கு, வா, வந்து என் சோபாவுல உக்காந்து பாரு" என்றாளாம்.

டெல்லித் தமிழர்கள் மட்டும் யோக்கியமா? லோதி ரோட்டு அரசாங்கக் குவார்ட்டர்ஸ்காரர்கள் கோயிலில் பார்த்தால் முதல் கேள்வி, "சார் எந்த மினிஸ்ட்ரி?" "தண்ணி" என்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள்.

3

கருப்பையாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

லாரி ஆபீசில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது பரமக்குடியில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். என் அம்மா வெள்ளையம்மாள் செங்கல் சூளைக்கு மண் மிதிக்கப் போனாள். ஐந்தாவது முடிந்ததும் நானும் போனேன். பத்தொன்பது வயதில் டெல்லிக்குக் குழாய் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். அம்மாதான், "என்னதான் இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றாள். லாரி ஆபீசில் போய் நின்றேன். நாலு பேர் பார்க்க அந்த ஆள் சொன்னது இதுதான்:

"போறவன் போ. எங்கயாச்சும் போயி நின்னுக்கிட்டு என் பேரைச் சொல்லாத. நாளைக்கு எவனாச்சும் என்னையத் தேடிக்கிட்டு வருவான்."

அவ்வளவுதான். அவன் செத்த தந்தி வந்தபோது நான் ஒரு போர் இறக்கிக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்தவில்லை.

இப்போது அந்தப் பெயர் என் மேல் எப்படி ஏறியது என்று கேளுங்கள். சொந்தமாகக் குழாய் வேலை எடுக்க லைசென்ஸ் வேண்டும். ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஹிந்தியில் பெயர் கேட்கிறான்.

"நாம்?"

"மலைச்சாமி."

"ஆகே?" பெயருக்கு அப்புறம் என்ன என்று கேட்கிறான். நமக்கு அப்புறம் ஒன்றும் கிடையாது, முன்னால்தான் ஒரு எழுத்து.

"க. மலைச்சாமி."

"‘க’ன்னா என்ன?"

"கருப்பையா."

அடுத்த கட்டம் அப்பா பெயர். மறுபடியும் கருப்பையா என்றேன். ஏமாற்றுகிறேனோ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘மலைச்சாமி கருப்பையா, தகப்பனார் கருப்பையா’ என்று எழுதி முத்திரை குத்தினான். நம் ஊரில் அப்பன் பெயர் முதல் எழுத்தாகச் சுருங்கி ஓரமாகக் கிடக்கும். இங்கே அதை முழுசாக இழுத்துக் கடைசியில் வைத்து, அதைச் சொல்லித்தான் ஆளையே கூப்பிடுகிறார்கள். முன்னால் இருக்கிற பெயர் அம்மாவும் பெண்டாட்டியும் கூப்பிட மட்டும்.

லைசென்ஸ் கையில் கிடைத்த சந்தோஷத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு. பாங்கு, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் அதைப் பார்த்தே எழுதினார்கள். அடுத்த தப்பு அதைவிடப் பெரிது. மகன் செந்திலை லோதி ரோட்டிலோ மந்திர் மார்க்கிலோ தமிழ் சொல்லித் தருகிற பள்ளியில் போட்டிருந்தால் ‘எம். செந்தில்’ என்று எழுதியிருப்பார்கள், அவர்களுக்கு நம் வழக்கம் தெரியும். நானோ குரானா வீட்டுப் பையன் எங்கே படிக்கிறானோ அங்கேதான் என் பையனும் என்று பிடிவாதம் பிடித்தேன். அங்கே பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். ‘செந்தில் கருப்பையா’ என்று அவர்களே எழுதி நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். செந்திலுக்குப் பிறந்த ஸ்வேதாவும் ‘ஸ்வேதா கருப்பையா’ ஆனாள்.

என் பெயரைச் சொல்லாதே என்று விரட்டினவனின் பெயரை நான் இரண்டு தலைமுறைக்கு டெல்லியில் பரப்பி வைத்திருக்கிறேன். அதை இப்போது கல்லில் வேறு வெட்டப் போகிறார்கள்.

4

குரானா ஒரு வழி சொன்னார். பத்திரத்தில் உள்ள குடும்பப் பெயரைத்தான் போடுவது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது. வெறும் மலைச்சாமி என்று ஓர் அரசாங்கக் காகிதம் கொண்டுவந்தால் மாற்றலாம். கல்வெட்டுகிறவன் ஜனவரிக் கடைசியில் வேலை ஆரம்பிப்பான், அதற்குள் வர வேண்டும்.

போனேன். பெயர் மாற்றுகிற அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் ஒரு சின்னப் பெண். குளிருக்குப் போட்ட கையுறையோடு கம்ப்யூட்டரைத் தட்டுகிறாள்.

"பேர் மாத்தணுமா அங்கிள்?"

"மாத்த வேண்டாம்மா. மாத்தி வச்சிருக்கீங்களே, அதை எடுக்கணும்."

"சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டா மிஷின் ஏத்துக்காது."

"அப்ப அதுல மலைச்சாமினு போடு."

"ஃபர்ஸ்ட் நேம்?"

"மலைச்சாமி."

"மலைச்சாமி மலைச்சாமியா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்றவனும் சிரித்தான். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், நிறுத்திக்கொண்டான். அஃபிடவிட் வேண்டும், இரண்டு பத்திரிகையில் விளம்பரம் வேண்டும், அப்புறம் கெஸட்டில் வர வேண்டும் என்று பட்டியல் சொன்னாள். எழுபத்து மூன்று வயதில், நான் நான்தான் என்று பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும்.

கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். வெளியே ஒரு வக்கீல் குறுக்கே விழுந்தார். என் ஒருவன் பெயரை மட்டும் மாற்றினால் மகன் காகிதம், பேத்தி காகிதம் எதுவும் என்னுடையதோடு ஒத்துப் போகாதாம். குடும்பமே சேர்ந்து மாற்றிக்கொள்வது நல்லதாம். எல்லாருக்கும் பின்னால் ‘மலைச்சாமி’ என்று போட்டுவிடலாமாம்.

கேட்டதும் எனக்கு ஜிவ்வென்று இருந்தது. செந்தில் மலைச்சாமி. ஸ்வேதா மலைச்சாமி. கல்லில் ஸ்ரீ மலைச்சாமி. பாரங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செந்தில் பாரத்தைத் தொடக்கூட இல்லை. பெரிய கம்பெனியில் பெரிய வேலை, ஆனால் காகிதம் என்றால் பயம்.

"அப்பா, ஜல்தி ஜல்தினு எதுலயும் சைன் பண்ணிடாதீங்க. பாஸ்போர்ட், வீடு, எல்லாம் மாத்தணும். நான் உங்க பிள்ளைனு நான் ப்ரூவ் பண்ணணும்."

"பண்ணேன்டா. நான் யாருன்னு நான் இந்த ஊருக்குப் பண்ணிக் காட்டலையா?"

"கல்லுல என்ன இருந்தா என்னப்பா? யார் படிக்கப் போறாங்க?"

"நான் படிப்பேன். தினமும் அந்த வழியாத்தான் நடக்கப் போறேன்."

ராக்கம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "அப்பனும் மகனும் கத்தாதீக. கீழ் வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். அவங்க வீட்டுக் குழாயும் நான் போட்டதுதான்."

"அந்த மனுசன் செத்து முப்பது வருசம் ஆச்சு. இன்னமும் அவரோட மல்லுக்கு நிக்கிறீகளே" என்றாள். பிறகு செந்திலைப் பார்த்து, "இவரு விட மாட்டாரு. உன் மகளைக் கேளு, அவ சரின்னா மாத்திப்புடு" என்றாள். செந்திலும் அதற்குத் தலையாட்டினான். மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நடுவில் குரானாவிடம் இன்னொரு தடவையும் போனேன். பெற்றவர்கள் பெயர்தான் போட வேண்டும் என்றால் என் அம்மா பெயரைப் போடுங்கள், வெள்ளையம்மாள் என்று போடுங்கள், என்னை வளர்த்தது அவள் என்றேன். பூங்காவில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற குரானா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். "என் பாபுஜி ஒரே ஒரு தகரப் பெட்டியோட வந்தாரு, கருப்பையா ஜி. அவர் பேர் முதல் வரியில இருக்கு. அதுக்காகத்தான் நான் இந்தக் கல்லுக்கே அலையறேன். நீங்க உங்க அப்பா பேரை எடுங்கறீங்க. என்ன மனுஷன் நீங்க?" என்று கேட்டார்.

அவன் என்ன மாதிரி அப்பன் என்று சொல்லியிருக்கலாம். என் ஹிந்தி போர் போடப் போதும், சண்டை போடப் போதும். இதைச் சொல்லப் போதவில்லை.

5

ஸ்வேதாவுக்கு இருபத்தாறு வயது. குர்கானில் விளம்பரக் கம்பெனியில் வேலை. தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஒரு சனிக்கிழமை காலை, ஈரத் தலையை மிஷினால் காய வைத்துக்கொண்டிருந்தாள். பாரத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. இனிமே நீ ஸ்வேதா மலைச்சாமி."

மிஷினை அணைத்தாள். "நோ யா தாத்தா."

"ஏன்?"

"ஆபீஸ்ல எல்லாரும் என்னைக் கருப்பையானுதான் கூப்பிடறாங்க. ஸ்வேதானா அஞ்சு பேர் திரும்பிப் பாக்கறாங்க."

"அது யார் பேர்னு தெரியுமா உனக்கு?"

"என் பேர்."

உட்கார வைத்துச் சொன்னேன். லாரி ஆபீஸ், நாலு பேர், அவன் சொன்ன வார்த்தை, அம்மா மண் மிதித்தது, எல்லாம். அவளுக்கு இதையெல்லாம் நான் சொன்னதே இல்லை. கீழே டாக்ஸிக்காரன் இரண்டு தடவை போன் அடித்தான், எடுக்காமல் கேட்டாள்.

"அச்சா. மோசமான ஆள்தான்" என்றாள். "ஆனா தாத்தா, ஏழாவது படிக்கறப்ப ஒரு பொண்ணோட மூக்கை உடைச்சேனே, நீங்கதானே ஸ்கூலுக்கு வந்து சாரி சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"அந்தப் பேரை வச்சு க்ளாஸே ஒரு வருஷம் என்னை ஓட்டுச்சு. டீச்சர்கூட, இவ்ளோ பெரிய பேர் எதுக்கு, ஸ்வேதா கே.னு வச்சுக்கோ, பிரச்சினை முடிஞ்சுதுன்னாங்க. நான் முடியாதுன்னேன். அப்பவே விடல. இப்ப விடுவேனா?"

அன்றைக்குத் தலைமையாசிரியை அறையில் கைகட்டி நின்றவன் நான். எதற்காக உடைத்தாய் என்று அவளை நான் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

"நீ யாருக்காகச் சண்டை போட்டே தெரியுமாடி? உன் கொள்ளுப்பாட்டியை நடுத்தெருவுல விட்டவனுக்காக!"

"அவருக்காக இல்ல தாத்தா, எனக்காக. அவர் உங்களைத்தானே விரட்டினாரு, என்னை இல்லையே." பையை எடுத்துக்கொண்டாள். "உங்க பேரை உங்களுக்கு வாங்கிக்கோங்க, நான் வேணா ஆபீசுக்குக்கூட வரேன். என்னோடதைத் தொடாதீங்க. சாரி."

போய்விட்டாள். பாரம் மேஜை மேல் கிடந்தது. ராக்கம்மாள் அதை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். நான் அவளையும் திட்டினேன். அன்றைக்கு யார் எதிரில் வந்தாலும் திட்டியிருப்பேன்.

என் ஒருவனுக்கு மட்டும் விண்ணப்பம் கொடுத்தேன். பத்திரிகையில் விளம்பரம்கூட வந்தது, என் மூக்குக் கண்ணாடிக்கும் எட்டாத எழுத்தில். கெஸட் வரவில்லை. ஜனவரி முடிந்தது. கல்வெட்டுகிறவன் வந்துவிட்டான்.

6

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பூங்காவில் பந்தல், வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் பகோடா. கல்லின் மேல் சிவப்புத் துணி. முன் வரிசையில் ஒன்பது நாற்காலி. பெரும்பாலும் செத்துப்போனவர்களின் மகன்கள் உட்கார்ந்திருந்தார்கள். உயிரோடு இருக்கிற இரண்டு பேரில் நான் ஒருவன். வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். "வரலைன்னா பயந்துட்டாருன்னு நெனைப்பாக" என்று ராக்கம்மாள் சொன்னதால் வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன்.

குரானா ஒவ்வொரு பெயராக மைக்கில் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒருவர் எழுந்து போய்ச் சால்வை வாங்கிக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். எட்டுப் பேரும் போனார்கள்.

"ஸ்ரீ கருப்பையா ஜி! நமக்கெல்லாம் தண்ணி குடுத்தவர்!"

கை தட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"கருப்பையா ஜி!"

காது கேட்கவில்லை என்று நினைத்து, பின்னால் இருந்த ஓர் அம்மா என் தோளைத் தட்டி, "உங்களைத்தான்" என்றாள். வெயிலில் தெரிந்த நாவல் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் நின்றுபோனது. பந்தலில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. செந்தில் குனிந்து, "அப்பா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

"பாக்கட்டும். என்னையக் கூப்பிடலையே."

மூன்றாவது தடவை குரானாவின் குரல் கொஞ்சம் கெஞ்சியது. "கருப்பையா ஜி, ஆயியே, வாங்க."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஸ்வேதா. எங்களுக்குப் பின் வரிசையிலிருந்து எழுந்து நடு வழியில் நடந்தாள். ஹை ஹீல்ஸ் ஈரப் புல்லில் புதைந்தது, ஒரு இடத்தில் தடுமாறினாள், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனாள். குரானா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ கேட்டார். அவள் மைக்கை வாங்கி ஹிந்தியில் சொன்னாள்:

"நான்தான் கருப்பையா. சால்வை குடுங்க அங்கிள்."

கூட்டம் சிரித்தது. பிறகு கை தட்டியது, முன்னைவிடப் பலமாக. குரானாவுக்கு வேறு வழியில்லை, போர்த்திவிட்டார். எட்டுக் கிழவர்களுக்கும் நடுவில் ஜீன்ஸும் சால்வையும் கையில் செருப்புமாக நின்றாள். சிவப்புத் துணியை இழுத்தார்கள். ஒன்பதாவது வரியில் அந்தப் பெயர், பொன் எழுத்தில், எல்லாவற்றையும்விடத் தெளிவாக. கல்வெட்டுகிறவன் கெட்டிக்காரன்.

ராக்கம்மாள் என் காதில், "போனது சரிதான். அவ பேருதான அது" என்றாள்.

ஸ்வேதா திரும்பி வந்து சால்வையை என் மடியில் போட்டாள். "உங்களோடது தாத்தா."

எடுத்து அவள் தோளிலேயே திருப்பிப் போட்டேன். "கூப்பிட்டது உன்னைய. போனவ நீ. நீயே போத்திக்க" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவள் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு பகோடாக் கடைக்குப் போய் வரிசையில் நின்றாள்.

எல்லாம் முடிந்து குரானா என்னிடம் வந்தார். வேர்த்திருந்தார். "என்ன கருப்பையா ஜி, மூணு தடவை கூப்பிட்டேன். ஏன் வரல?"

எழுந்து நின்றேன். என் வயசுக்கு நான் இன்னும் நிமிர்ந்து நிற்கிறவன், குரானா என் தோளுக்குத்தான் வருவார். பகோடா வரிசையைக் கையால் காட்டினேன்.

"கருப்பையா அதோ நிக்கிறா, பாருங்க. நான் மலைச்சாமி."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதட்டை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"மலே... சாமி ஜி."

"மலை" என்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க."